பறிச்சாச்சா

நாங்கள் நெய்வேலிக்கு மாற்றலாகி வந்த வாரம், மாடி வீட்டு அக்கா ஒரு கட்டு சிறுகீரையோடு இறங்கி வந்தார். வேரில் ஒரு துளி மண் இல்லை. அலசி, ஈரம் ஒற்றி, வாழைநாரால் கட்டியிருந்தது. கீரையை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது ஏன் இப்படி நோஞ்சானா இருக்கு? இதுக்கு மேல வளராதா?"

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. கேட்டது புரிகிற வயது. "நல்லாருக்குக்கா" என்று கீரையைத் தூக்கிக் காட்டினேன்.

"எது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அந்தக் கீரையைக் கடைந்தேன். எங்கள் ஊர் மதுரைப் பக்கம். கண்மாய்க்கரைத் தோட்டத்துக் கீரை தின்று வளர்ந்தவள்தான் நான். இருந்தாலும் அப்படி ஒரு ருசியை அதற்கு முன் கண்டதில்லை. நானும் கணவரும் தட்டை வழித்துத் தின்றோம். மகள் மட்டும் தொடவில்லை. மாடி வீட்டிலிருந்து வந்த எதையும் அவள் கடைசிவரை தொடவில்லை.

பிறகு பழகிவிட்டது. அக்காவோடு பழகுவதென்றால் அவர் சொல்லுக்குப் பழகுவதுதான். பிளாக்கில் இருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், பேசி முடித்ததும் அவரிடமே போய்ப் புதினா வாங்கினார்கள்.

அந்த வீட்டை முதல்முறை பார்க்கிற யாரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மற்றவர்களுக்கு இருக்கும் அதே குவார்ட்டர்ஸ்தான். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ஸ்டோர் ரூம். ஹாலில் சோபா கிடையாது, டிவி கிடையாது. சுவரோடு சுவராக இரும்பு ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் கீரைத் தொட்டிகள், அவற்றுக்கு மேலே ஊதா நிற விளக்குகள். உள்ளே போனால் நம் கை, முகம், சேலை எல்லாம் ஊதாவாகிவிடும். சமையல் மேடைக்கு அடியில் மண்புழுத் தொட்டி. அலமாரியில் பாத்திரங்களுக்குப் பதிலாக, உரத்துக்காக மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த பாட்டில்கள். கடைகளில் விற்கும் உரமோ மருந்தோ ஒரு சிட்டிகை அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

ஜன்னலைத் திறந்துவைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி வந்து படியும். எங்கள் துணிகளிலும் படியும், நாங்கள் உதறிவிட்டுப் போய்விடுவோம். அக்கா தினமும் காலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு. எந்த இலையும் கசங்காது. அந்தக் கையைப் பார்த்தால் இந்த வாயும் அதே உடம்பில்தான் இருக்கிறதா என்று தோன்றும்.

ஒருமுறை நான் கேட்டேன். "கீழ எங்க வீட்டைச் சுத்தி இவ்வளவு மண்ணு கிடக்குல்லக்கா. அங்க வச்சுக்கோங்க. எதுக்கு வீட்டுக்குள்ள கஷ்டப்படுறீங்க?"

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளிய வெச்சா மழை பேயும், வெயில் அடிக்கும், அது பாட்டுக்கு வளரும். அதுல நமக்கு என்னா இருக்கு? உள்ள இருந்தா என் கையப் பாத்துகினு இருக்கும். நான் ஊத்தினாதான் தண்ணி. நான் வெளக்கு போட்டாதான் பகலு."

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தட்டில் விதை போட்டு, நாற்று இரண்டு இலை விட்டதும், நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்காருவார். குழிக்கு ஒரு நாற்று நிற்கும், மற்றதெல்லாம் கழுத்தோடு போகும். "புடுங்கினா பக்கத்து வேரு அசைஞ்சிடும். கத்திரிச்சிடணும்" என்பார். வெட்டுகிற சத்தம்கூடக் கேட்காது. எல்லாம் நல்ல தக்காளி நாற்றுகள். மனசு கேட்காமல், "வெட்டாதீங்கக்கா, எனக்குக் கொடுங்க. நான் கீழ நட்டுக்கிறேன்" என்றேன்.

"வேணாம்" என்றார். "என் தட்டுல தோத்தது உன் வூட்டுல போயி ஜெயிக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பிளாக் பெண்கள் சிலர் சேர்ந்து அவரிடம் செடி வளர்க்கக் கற்றுக்கொள்ளப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. பெட்ரூமில் பாகல் கொடி ஏற்றியிருந்தார். வீட்டுக்குள் தேனீ வராது, நாம்தான் பூவைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு, நடுவில் மிஞ்சிய தண்டைப் பெண் பூவின் மேல் தேய்த்தார். "அவ்ளோதான். இதுக்கு மேல இதுக்கு வேலை இல்ல" என்று அதை மண்புழுத் தொட்டியில் போட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அண்ணன் என்று நாங்கள் சொல்வது அக்காவின் கணவரை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, பெர்மனென்ட். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் கம்மி. ஷிப்ட் முடிந்து வரும்போது பக்கத்து ஊரான வடக்குத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு சாக்கு தொழு உரத்தையோ வைக்கோலையோ முன்னால் வைத்துக்கொண்டு வருவார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவார். மேலே போனதும் அக்கா சாக்கைப் பிரித்துப் பார்ப்பார். சில நாள் அண்ணன் அதே சாக்கோடு திரும்ப இறங்கி வருவார். "ஈரமா இருக்காம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். வேலை முடிந்து வந்த மனிதர், முகம் கழுவியிருக்க மாட்டார். ஆனால் அந்த முகத்தில் ஒரு துளி கோபத்தை நான் பார்த்ததில்லை. "எங்க வூட்ல கடைல காய் வாங்கறதே இல்லம்மா" என்று யாரிடம் பேசினாலும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் செடிகளை அப்படி வளர்க்கிறார் என்று பிளாக்கில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். எதிர் வீட்டுப் பெண் ஒருநாள் இதை அவர் காதுபடவே சொல்லிவிட்டாள், கொஞ்சம் கண்கலங்கி. அக்கா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "புள்ள இருந்தா அதையும் வளத்திருப்பேன். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

அவரிடம் அப்படித்தான். நாம் ஒரு காரணத்தைத் தேடிப்பிடித்து நீட்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அண்ணன் முதல் ஷிப்டில் இருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் மாடிக்கு ஏற்றினார்கள். பெட்ரூமில் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். அதற்கு அப்பால் ரோடு. ஷிப்ட் பஸ் போகும்போதெல்லாம் அண்ணன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார் என்று வேலைக்கு வரும் பெண் சொன்னாள்.

அந்த ஜன்னலை வெகுநாள் விட்டுவைக்கவில்லை அக்கா. பக்கத்து வீட்டுக்காரரையும் என் கணவரையும் ஒருநாள் காலையில் மேலே கூப்பிட்டார். "கட்டில நகத்தணும்." ஃபேனுக்கு அடியில் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு இருவரும் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். அண்ணனைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கட்டிலைத் தூக்கியதும், "அங்க இல்ல. உள்ள" என்று ஸ்டோர் ரூமைக் காட்டினார்.

என் கணவர் கட்டிலைப் பிடித்தபடியே நின்றார். "அங்க ஜன்னலே இல்லையேக்கா."

"படுத்துகினு இருக்கறவருக்கு ஜன்னல் எதுக்கு? தக்காளி பூ வுட்டிருக்கு. ஊதா வெளக்கு காய்க்கு பத்தாது. இந்த வூட்ல வெயில் வர்ற எடம் இது ஒண்ணுதான்."

"எங்க?" என்றார் அண்ணன். நாக்கு குழறி 'எம்மா' என்பதுபோல வந்தது.

"இங்கதான், பக்கத்துல" என்றார் அக்கா. கட்டில் உள்ளே போனது. அதன் இடத்துக்கு ரேக் வந்தது. தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது, பூ விட்ட தொட்டி ஒன்றை வைக்க இடம் சரிப்படாமல், அதை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மடியில் வைத்தார். "கொஞ்சம் புடிங்க." அண்ணன் நல்ல கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். பூ உதிர்ந்துவிடாமல் முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டார். அதை மேலே வைத்து முடித்த பிறகு அவரை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் கணவர் கீழே வந்து வெகுநேரம் கைகழுவினார்.

குறை சொல்வதற்கு எதுவும் இருக்காது, அதுதான் கஷ்டம். அண்ணன் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. வேலைக்கு வரும் பெண்ணை அக்கா நம்பமாட்டார். அவரே புரட்டிப் போட்டுத் துடைப்பார், இலைகளைத் துடைத்த அதே பொறுமையோடு. சாப்பாடு வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை வேளைக்கு மாத்திரை. அந்த வேளைக்கு முன்னால் கூப்பிட்டால் மட்டும் போக மாட்டார்.

அண்ணன் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார். எங்கள் வீட்டுக் கூரை வழியாக அந்தச் சத்தம் கேட்கும். டக், டக், டக். நிற்கும். மறுபடியும் டக், டக். நான் சமைத்துக்கொண்டிருப்பேன். பொறுக்காமல் ஒருநாள் மேலே போனேன். அக்கா ஹாலில் உட்கார்ந்து வெந்தயக்கீரை அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே டக், டக்.

"அண்ணன் கூப்பிடுறாரேக்கா."

"கேக்குது."

"தண்ணிக்கா இருக்கும்."

"இருக்கும். கூப்புடும்போதெல்லாம் ஊத்தினா வேரு அழுவிடும்." அறுத்த கீரையைத் தட்டில் நேராக அடுக்கினார். "நீ போயி ஊத்தாத. அப்புறம் உன்னையத் தேடும்."

நான் நின்ற இடத்திலிருந்து ஸ்டோர் ரூம் கதவு தெரிந்தது. பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. ஹாலின் ஊதா வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு கோடாக விழுந்து, அண்ணனின் பாதத்தில் முடிந்தது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் சத்தம் நின்றுபோனது. "பாத்தியா, பழகிடுச்சு" என்றார் அக்கா. அவர் குரலில் எரிச்சலோ வெற்றியோ இல்லை. அந்த வருஷம் தக்காளி நன்றாகக் காய்த்தது.

பிளாக்கில் அடுத்த காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள். நல்லா இருந்த காலத்தில் அந்த ஆள் அவளை அடித்திருப்பான், குடித்திருப்பான், வெளியே தொடுப்பு ஏதாவது இருந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு பொம்பளைக்கு இப்படி மனசு வராது என்று பேசினார்கள். எனக்கும் அப்படி ஏதாவது இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. புதினா வாங்கப் போன ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"அண்ணன் அந்தக் காலத்துல ரொம்பக் கோவக்காரரோக்கா?"

அக்கா புரிந்துகொண்டார். புதினாக் காம்பைக் கிள்ளியபடியே சொன்னார்: "அவரு தங்கமான மனுஷன். ஒரு நாளு என்மேல கைய நீட்டினதில்ல. ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. அவர மாதிரி ஒரு ஆளு கெடைக்காது."

புதினாவை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அண்ணனைத் திட்டியிருந்தால் அன்று நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணனின் தங்கை குள்ளஞ்சாவடியில் இருந்தாள். காய்கறிக் கடை வைத்திருக்கிற குடும்பம். பொங்கல் கழிந்து அண்ணனைப் பார்க்க வந்தாள். மேலே போன சற்று நேரத்தில் அவள் குரல் பிளாக் முழுவதும் கேட்டது.

"எங்க அண்ணன இருட்டுல போட்டு வெச்சிருக்கீங்களே, இது என்னா ஆட்டுக்கெடாவா? செடிக்கு வெளக்கு எரியுது. பெத்த தாயி இருந்தா இப்படி வுட்டிருப்பாளா? நான் கூட்டிகினு போறேன்."

நாங்கள் எல்லோரும் படிக்குக் கீழே கூடிவிட்டோம். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தோம். அக்கா, "கூட்டிகினு போ" என்று மட்டும் சொன்னார். மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று தனித்தனிக் கவரில் போட்டுக் கொடுத்தார். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், கஞ்சி எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்றெல்லாம் நாத்தனாருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாத்தனார் ஆத்திரத்தில் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணனை நாற்காலியோடு தூக்கி இறக்கும்போது அவர் தலையைத் திருப்பித் திருப்பி மேலேயே பார்த்தார். அக்கா அதற்குள் உள்ளே போயிருந்தார்.

அடுத்த வாரம் கீரை கொடுக்க வந்தவர், "ஒரு விஷயம் காட்டறேன், வா" என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். ஸ்டோர் ரூமில் கட்டில் இல்லை. கூரையிலிருந்து உறிபோலக் கயிறுகள் தொங்கின. ஒவ்வொரு கயிற்றிலும் வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகள். சிப்பிக் காளான். விதை விருத்தாசலத்திலிருந்து வாங்கி வந்தாராம்.

"இருட்டு, ஈரம், காத்தும் கம்மி. காளானுக்குன்னே கட்டின ரூம்பு இது. இவ்ளோ நாளா எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

அன்றுதான் அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன்.

குள்ளஞ்சாவடியில் அண்ணனை வாசலில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருப்பதாக நாத்தனார் போனில் சொன்னாள். அவள் நம்பரை அன்று படிக்குக் கீழே நின்றபோது நான்தான் வாங்கி வைத்திருந்தேன். நல்ல காற்று. போகிற வருகிற சனமெல்லாம் நின்று பேசுகிறது. ஆடு, கோழி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், எல்லாம் கண்ணுக்கு எதிரே. முதல் இரண்டு வாரம் இதையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள். அப்புறம் குரல் மாறியது.

"அண்ணன் ஒண்ணும் சாப்ட மாட்டேங்குதுங்க. வாயத் தொறக்க மாட்டேங்குது. அவகிட்ட கொண்டு வுடு, அவகிட்ட கொண்டு வுடுன்னே சொல்லிகினு இருக்கு. நான் என்னா கொறை வெச்சேன்? கறி ஆக்கிப் போட்டேன், மீனு ஆக்கிப் போட்டேன். அவ ஊத்தற கஞ்சிக்கு அழுவுதுங்க."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, தோற்றுப்போனதற்காக அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வெளியே ஓடினேன். பின் இருக்கையில், தலையணைகளுக்கு நடுவே, அண்ணன் பாதியாக இருந்தார். சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல இருந்தது. மாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா இறங்கி வந்தார். ஆட்டோவுக்குள் குனிந்து, அண்ணனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மடங்கியிருந்த சட்டைக் காலரை இழுத்துவிட்டார். அண்ணனின் நல்ல கை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"எளைச்சிட்டீங்களே" என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல. உள்ள காளான் வெச்சிருக்கேன். மொட்டு வுட்டிருக்கு."

"அதுக்கு?"

"காளான்லேர்ந்து பறக்கற தூளு மூச்சுல ஏறினா இவருக்கு ஆவாது. இருமலு புடிச்சா நெஞ்சு தாங்காது. எல்லாப் பையிலயும் பறிச்சி முடிச்சிட்டு, கழுவி வுட்டுட்டு சொல்றேன். அப்ப கூட்டிகினு வா."

"ஹால்ல போடுங்க அண்ணி. ஒரு மூலைல போடுங்க, போதும்."

"ஹால்ல எங்க எடம் இருக்கு? நீயே பாத்தீல்ல."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டு ஹால்ல வேணா..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு அக்காவைப் பார்த்து, கோணிய வாயால், தெளிவாக, "சரி" என்றார்.

அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி முந்தானையை விடுவித்தார். ஆட்டோ திரும்பிப் போனது.

அதன் பிறகு நாத்தனார் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்தாள். ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். விடிந்ததும் அண்ணன் அவளைக் கூப்பிடுகிறார். குனிந்து காதை வைத்தால், "பறிச்சாச்சா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். கஞ்சியை உதட்டில் வைத்தால் வழியவிடுகிறார். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறார்.

"நீங்களாவது சொல்லுங்க அவங்ககிட்ட" என்றாள். நான் மேலே போய்ச் சொன்னேன். "பறிச்சாச்சான்னு அண்ணன் தினமும் கேக்குறாராம்க்கா. கொஞ்சம் சீக்கிரம் எடுத்துடுங்க." அக்கா ஒரு பையை விரலால் சுண்டிக் காட்டினார். கொத்தாகக் காளான்கள், ஓரம் இன்னும் சுருண்டபடி.

"இத இப்ப எடுத்தா பாதி எடைதான் நிக்கும். அவருக்கும் அது தெரியும். அதான் பறிச்சாச்சான்னு கேக்கறாரு. பறின்னு சொல்லல பாரு."

ஒருநாள் காலை அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தலைக்குக் குளித்திருந்தார். "இன்னிக்கு வர்றாரு. நேத்தே எல்லாம் பறிச்சி, ரூம்பைக் கழுவி வுட்டுட்டேன். இப்பதான் போன் பண்ணேன். ஒடனே கூட்டிகினு வர்றேன்னு சொல்லிட்டா. பசியோட இருக்காராம், கஞ்சி வெச்சி வையுங்கன்னா" என்றார். நொய் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வெயில் ஏறிய பிறகு ஒரு வேன் வந்து பிளாக் முன்னால் நின்றது. முன்னால் நாத்தனாரும் அவள் கணவரும் இருந்தார்கள். நாத்தனார் இறங்கினாள். தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். கண் காய்ந்திருந்தது.

"அண்ணி, வந்துட்டாரு" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அக்கா கையில் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். "படியேத்தறதுக்குள்ள மயக்கம் போட்டுடுவாரு. ரெண்டு வாய் குடுத்துட்டு ஏத்தலாம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வேனின் பின்பக்கம் போனார். நாத்தனாரின் கணவர் கதவைத் திறக்கத் தயங்கினார். நாத்தனார்தான் திறந்தாள்.

அண்ணன் பாயில் கிடந்தார். தாடையைச் சேர்த்துத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல்களை ஒன்றாகக் கட்டியிருந்தார்கள்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அக்கா கிண்ணத்தை இறக்காமலே கேட்டார்.

"எப்ப?"

"விடிகாலைல."

"நான் போன் பண்ணப்ப?"

"பக்கத்துலதான் படுத்துகினு இருந்தாரு. 'பறிச்சாச்சாம் அண்ணா'ன்னு காதுல சொன்னேன்."

அக்கா பாயிலிருந்து நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"அப்ப எதுக்கு கஞ்சி வெக்கச் சொன்னே?"

நாத்தனாரின் வாய் திறந்தது. வழி நெடுக ஏதேதோ சொல்வதற்குச் சேர்த்துவைத்திருப்பாள். இந்தக் கேள்வியை வாங்குவதற்காகத்தான் அழாமல் வந்திருப்பாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

அக்கா கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார். பிளாக் முழுக்க ஜன்னல்களிலும் படிகளிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நின்றபடியே, அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தாமல் அந்தக் கஞ்சியைக் குடித்தார். அடியில் தங்கிய நொய்யை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"ஏத்துங்க" என்றார் ஆண்களைப் பார்த்து. "தலை முன்னால வரட்டும். திருப்பத்துல இடிக்கும், பாத்து."

காரியம் முடிந்து சில மாதங்களில் அக்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடக்குத்தில் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மாடிக்கு இப்போது வேறு குடும்பம் வந்துவிட்டது. பிளாக்கில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். நீ பக்கத்தில் நின்றாயே, கிண்ணத்தைப் பிடித்த கை கொஞ்சமாவது நடுங்கியதா என்று. நடுங்கியது என்று நான் சொன்னால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். எதிர் வீட்டுப் பெண் நான் சொல்வதற்கு முன்பே தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

நடுங்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.